'ஒழுக்கங்கெட்டவர்' என்ற சொல் தாக்கத்தான் செய்கிறது

(ராயபுரம் கல்மண்டபம் அருகே நடந்த பட்டிமன்றம். தலைப்பு: "'ஒழுக்கங்கெட்டவர்' என்ற சொல் ஊரைக் காக்கிறதா, ஆளைத் தாக்குகிறதா?" 'தாக்குகிறது' அணியின் உரை.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரண்டு அணிப் பேச்சாளர்களுக்கும், நாற்காலி கிடைக்காமல் வாசற்படியிலும் மொட்டை மாடியிலும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் எங்கள் ராயபுரத்து மக்களுக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் அண்ணன் அழகாகப் பேசினார். ஒழுக்கம் ஒரு பயிர், 'ஒழுக்கங்கெட்டவன்' என்ற சொல் அதற்குப் போட்ட வேலி, வேலியைப் பிடுங்கினால் மாடு மேய்ந்துவிடும் என்றார். கைதட்டலும் வாங்கினார். அண்ணே, உங்களிடம் ஒரு கேள்வி. அந்த வேலி நிலத்தைச் சுற்றி இருக்கிறதா, இல்லை அந்த நிலத்தில் வேலை செய்கிற பெண்ணின் காலைச் சுற்றி இருக்கிறதா?

எங்கள் அணி ஒழுக்கத்துக்கு எதிரான அணி இல்லை, நடுவர் ஐயா. கட்டின மனைவிக்குத் தெரியாமல் இன்னொரு குடித்தனம் நடத்துவது தவறு. நம்பி வந்தவளை நடுத்தெருவில் விடுவது தவறு. இதைச் சொல்ல எங்களுக்குத் தயக்கமே கிடையாது. நாங்கள் பேச வந்தது அந்தச் சொல்லைப் பற்றி. அது எதற்காகப் பிறந்தது, இன்று யார் வாயில் இருக்கிறது, யார் தலையில் விழுகிறது என்பதைப் பற்றி.

ஒழுகுதல் என்றால் நடந்துகொள்ளுதல். ஒழுக்கம் என்றால் ஒருவர் நடந்துகொள்ளும் முறை. அவ்வளவுதான். காதலிக்கிற இரண்டு பேர் பெற்றவர்களுக்குத் தெரியாமல் சந்தித்துப் பேசுவதற்கு நம் பழைய இலக்கணம் களவொழுக்கம் என்று பேர் வைத்தது. கேடு என்று வைக்கவில்லை, ஒழுக்கம் என்றே வைத்தது. இன்றைக்கு அதே காரியத்தை ஒரு பெண் தண்டையார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் செய்தால் என்ன பேர் வைக்கிறோம் என்று இங்கே இருக்கிற தாய்மார்களுக்குத் தெரியும்.

எதிரணியில் தங்கை ஒருவர் திருக்குறளைக் கையில் எடுத்தார். வரைவின்மகளிர் அதிகாரத்தைச் சொல்லி, வள்ளுவரே கண்டிக்கவில்லையா என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த அதிகாரத்தில் கடுமையான சொற்கள் இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. ஆனால் அது யாரிடம் பேசுகிறது? அந்த வாசலுக்குப் போகிற ஆணிடம் பேசுகிறது. அதற்கு அடுத்தடுத்த அதிகாரங்கள் கள்ளுண்ணாமை, சூது. மூன்றும் ஆணுக்குச் சொன்ன எச்சரிக்கை. சரி, ஒழுக்கமுடைமை 14-வது அதிகாரம் என்றால் 15-வது என்ன? பிறனில் விழையாமை. அதில் பத்துக் குறளும் அடுத்தவன் மனைவியை விரும்பும் ஆணைப் பற்றித்தான். "பிறன்மனை நோக்காத பேராண்மை" என்று அங்கேதான் ஆண்மைக்கு இலக்கணம் சொல்கிறார். ஒழுக்கம் என்றவுடன் வள்ளுவர் ஆணைப் பார்த்தார். நாம் பெண்ணைப் பார்க்கிறோம்.

இன்னும் ஒன்று. கூடாவொழுக்கம் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 28-வது. தலைப்பை மட்டும் கேட்டால் இன்று நமக்கு எதெதுவோ தோன்றும். உள்ளே போய்ப் படித்தால் அது முழுக்கத் தவவேடம் போட்டு ஊரை ஏமாற்றுகிறவனைப் பற்றியது. வஞ்ச மனத்தான் செய்யும் பொய்யொழுக்கத்தைப் பார்த்து அவன் உடம்புக்குள் இருக்கும் ஐந்து பூதங்களும் சிரிக்கும் என்று தொடங்குகிறது. வள்ளுவருக்குக் கூடாத ஒழுக்கம் என்றால் வேடம். அந்தப் பொருளை நாம் எங்கே தொலைத்தோம்?

விபசாரம் என்ற சொல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழியிலிருந்து வந்த சொல். போக வேண்டிய வழியை விட்டு விலகுதல் என்பதுதான் அதன் வேர். ஆண், பெண் என்ற பேச்சே அதில் இல்லை. தர்க்க சாஸ்திரத்தில் நிலையாக நிற்காத காரணத்துக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். பரதநாட்டியம் கற்கும் பிள்ளைகளைக் கேளுங்கள், வியபிசாரி பாவங்கள் முப்பத்து மூன்று என்று ஒப்பிப்பார்கள். வந்து வந்து போகும் உணர்ச்சிகள் என்று பொருள். தமிழ் வேதாகமத்தில் பத்துக் கட்டளைகளில் ஒன்றாக அதே சொல் வருகிறது. அங்கே அது கல்யாண உறவுக்குச் செய்யும் துரோகம், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. இன்று பத்திரிகையில்? 'விபசார அழகிகள் கைது' என்று தலைப்பு. பெண்கள் முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு நிற்கும் படம். காசு கொடுத்து வந்தவனுக்கு அந்தச் செய்தியில் என்ன பெயர் தெரியுமா? வாடிக்கையாளர். பாங்கில் வைப்பு நிதி போடுகிறவருக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை.

ஆணுக்கு இந்த மொழி எவ்வளவு இடம் கொடுக்கிறது பாருங்கள். பெண்கள் பின்னால் சுற்றுகிறவனை ஊர் 'மைனர்' என்றது. நகைக்கடைக்குப் போய் மைனர் செயின் காட்டுங்கள் என்றால் எடுத்துக் காட்டுவார்கள். அவன் நடத்தையின் பேரில் ஒரு நகையே இருக்கிறது. வயசுக் கோளாறு, சபலம், ஆம்பளைன்னா அப்படித்தான் என்று எல்லாம் அவனுக்கு மன்னிப்புச் சொற்கள். பெண்ணுக்கு உரிய சொற்களை இந்த மேடையில் நான் சொல்லப் போவதில்லை. குழாயடியிலும் மதுக்கடை வாசலிலும் அவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் எங்கள் பெண் பிள்ளைகள் வளர்கிறார்கள். அவற்றில் ஒரு சொல் ஒருகாலத்தில் கோயில் கல்வெட்டில் கௌரவமாகப் பொறித்த சொல், இறைவனுக்குத் தொண்டு செய்பவள் என்று பொருள். பெண்களைப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு விடும் அந்த வழக்கம் அவர்களை என்ன பாடு படுத்தியது என்பதைக் கண்டுதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். 1947-ல் சென்னை மாகாணம் அதைத் தடுக்கச் சட்டம் போட்டது. வழக்கம் போய்விட்டது. வசவு மட்டும் தெருவில் இருக்கிறது.

நான் இந்தப் பக்கத்தில் டீச்சராக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் பிளஸ் டூ படித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் எதுவும் வேண்டாம். கணக்கில் கெட்டிக்காரி. ஒரு நாள் தெருக்காரர் ஒருவர் அவள் அப்பாவிடம், "இன்னாப்பா, உன் பொண்ணு ஒரு மாதிரியாமே" என்றார். அப்பா லோடு ஏற்றி இறக்கும் வேலை பார்ப்பவர், நல்ல மனிதர். அவர் நியாயமாகத்தான் கேட்டார், "ஒரு மாதிரின்னா? இன்னா பண்ணா?" என்று. பதில், "அதான் சொல்றேனே, ஒரு மாதிரி." அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. இவர் நாலு பேரிடம் கேட்டார். கேட்டதாலேயே அந்த நாலு பேருக்கும் விஷயம் போனது. மறுவாரம் அவள் பள்ளிக்கு வரவில்லை. நாங்கள் வீட்டுக்குப் போனபோது அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மிஸ், நான் என்ன பண்ணேன்னு சொன்னா இல்லன்னு சொல்லலாம். எதுக்கு நான் இல்லன்னு சொல்றது?"

நடுவர் ஐயா, எங்கள் வாதமே இதுதான். திருடினாள் என்று சொல்லுங்கள், எதை, எப்போது என்று கேட்கலாம். பொய் சொன்னாள் என்று சொல்லுங்கள், எந்தப் பொய் என்று கேட்கலாம். அடித்தான், ஏமாற்றினான், காசு வாங்கிக்கொண்டு தரவில்லை, மனைவிக்குத் துரோகம் செய்தான் என்று சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு செயல் இருக்கிறது. செயல் இருந்தால் சாட்சி கேட்கலாம், மறுக்கலாம், மன்னிப்புக் கேட்கலாம், திருந்தலாம். 'ஒழுக்கங்கெட்டவள்' என்பதில் செயலே இல்லை, ஆள் மட்டும்தான் இருக்கிறாள். செய்ததைத் திருத்திக்கொள்ளலாம். ஆளே தப்பு என்றால் அவள் எதைத் திருத்துவாள்?

இது தெருப் பேச்சோடு நிற்கவில்லை. சட்டத்துக்குள்ளும் போயிருக்கிறது. 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவு, இன்னொருவர் மனைவியோடு உறவு வைத்த ஆணைத் தண்டித்தது. பெண்ணைத் தண்டிக்கவில்லையே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை என்று அதே பிரிவு சொன்னது. கணவன் தவறினால் மனைவி புகார் கொடுக்கவும் வழியில்லை. அப்படியென்றால் அது காத்தது ஒழுக்கத்தையா, கணவனின் உடைமையையா? 2018 செப்டம்பர் 27-ல் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. உடனே நாட்டில் ஒழுக்கம் போச்சு என்று கூக்குரல் எழுந்தது. எதிரணித் தலைவரும் அதைத் தொட்டுத்தான் பேசினார். அண்ணே, துரோகம் இன்றைக்கும் விவாகரத்துக்குக் காரணம்தான். ஜெயிலுக்கு அனுப்புவது மட்டும்தான் போனது.

இதைவிட எங்கள் பெண்களைத் தினம் சுடுவது வேறொரு பிரிவு. ஜீவனாம்சம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-வது பிரிவு, புதுச் சட்டத்தில் 144. கணவன் கைவிட்டால் மனைவி மாதாமாதம் பணம் கேட்கலாம். ஆனால் அவள் 'விபசாரத்தில் வாழ்கிறாள்' என்றால் கிடையாது. ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கிற குடும்ப நீதிமன்றத்துக்கு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிராட்வேயில் பஸ் இறங்கிப் போகிற எங்கள் ஏரியாப் பெண்களை எனக்குத் தெரியும். மாதம் சில ஆயிரம் ரூபாய் கேட்டுப் போவார்கள். அவன் போடுகிற பதில் மனுவில் ஒரு வரி இருக்கும்: மனுதாரர் நடத்தை சரியில்லாதவர். அவ்வளவு காலம் இல்லாத நடத்தைக் குறை, அவள் பணம் கேட்ட அன்றைக்கு எங்கிருந்து வந்தது? அந்த வரிக்கு அவனுக்கு ஆன செலவு ஒன்றுமில்லை. அவளுக்கு அது சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் தெரிந்துவிடுகிறது.

இங்கே நீதிமன்றங்களைப் பாராட்டியே ஆக வேண்டும். 'வாழ்கிறாள்' என்றால் தொடர்ந்து அப்படி வாழ்வதைக் காட்ட வேண்டும், எப்போதோ ஒரு முறை சறுக்கியது போதாது, நிரூபிக்க வேண்டியவன் கணவன் என்று உயர்நீதிமன்றங்கள் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கின்றன. 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் நீதிபதிகளுக்காக ஒரு கையேடே வெளியிட்டது. ஒரு பெண்ணைக் கற்புள்ளவள், கெட்டுப்போனவள் என்றெல்லாம் தீர்ப்பில் எழுத வேண்டாம், 'பெண்' என்று எழுதினால் போதும் என்று அதில் இருக்கிறது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே அந்தச் சொல்லை வேண்டாம் என்று வைத்திருக்கும்போது, எங்கள் தெருவுக்கு அது எதற்கு?

சாட்சி என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன். இந்த மேடையிலிருந்து ஒரு பக்கம் போனால் சர்ச், இன்னொரு பக்கம் போனால் மசூதி. குர்ஆனின் 24-வது அத்தியாயம் விபச்சாரத்தைக் கண்டிக்கும்போது பெண்ணையும் ஆணையும் சேர்த்தே சொல்கிறது. அத்தோடு விடவில்லை. ஒழுக்கமான பெண்கள்மேல் பழி சொல்லிவிட்டு நாலு சாட்சி கொண்டுவராதவனுக்கு எண்பது கசையடி, அதற்குப் பிறகு அவன் சாட்சியத்தை ஒருபோதும் ஏற்காதீர்கள் என்கிறது. பழி சொன்னவன் வாய்க்கே அங்கே தண்டனை. யோவான் சுவிசேஷத்தில் ஒரு பெண்ணை 'கையும் மெய்யுமாக' பிடித்தோம் என்று இழுத்து வருகிறார்கள். கையும் மெய்யுமாகப் பிடித்தார்கள் என்றால் அவளோடு ஒரு ஆணும் இருந்திருக்க வேண்டுமே, அவன் எங்கே? மோசேயின் சட்டத்தில் இரண்டு பேருக்கும்தான் தண்டனை. இழுத்து வந்தது அவளை மட்டும். உங்களில் பாவமில்லாதவன் முதல் கல்லை எறியட்டும் என்று இயேசு சொன்னதும் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். கோவலனையும் எதிரணி இழுத்தது, மாதவி கெடுத்தாள் என்று. மாதவியின் கடிதத்தைப் படித்த பிறகு கோவலன் என்ன சொல்கிறான்? அவள்மேல் தீதில்லை, "என்தீது" என்கிறான். அவனே ஒப்புக்கொண்ட பிறகும் நாம் ஏன் மாதவியை விடமாட்டேன் என்கிறோம்?

இப்போது நம்ம காசிமேட்டுக்கு வாருங்கள். பொழுது விடியும் முன்பே மீன் ஏலம் எடுக்க அக்காமார் அன்னக்கூடையோடு கிளம்புகிறார்கள். இருட்டில் போகிறார்கள், ஆண்களோடு சத்தம் போட்டு விலை பேசுகிறார்கள், ஆட்டோவில் ஒன்றாக ஏறி வருகிறார்கள். யாராவது ஒரு சொல் சொல்வார்களா? சொன்னால் அக்கா விடமாட்டார். அதே நேரத்தில், அதே தெருவில், ஸ்டான்லியில் நைட் டியூட்டி முடித்த நர்ஸ் பெண்ணோ, கம்பெனி வண்டியில் வந்து இறங்குகிற ஐடி பெண்ணோ நடந்து வந்தால் ஜன்னல் திறக்கிறது. செயல் ஒன்றுதான்: ராத்திரியில் வேலை செய்து சம்பாதித்து வீட்டுக்கு வருவது. மீன்கூடைக்கு ஊர் பழகிவிட்டது, கைப்பைக்குப் பழகவில்லை. ஊர் பழகியதும் பழகாததும் ஒழுக்கத்துக்கு அளவாகிவிட்டது.

பெண்ணோடு இது நிற்கவும் இல்லை. ஏரியா மேலேயும் விழுகிறது. 'நார்த் மெட்ராஸா?' என்று கேட்கும்போது குரல் மாறுவதை வேலைக்கு இன்டர்வியூ போன எங்கள் பையன்களைக் கேளுங்கள், வாடகைக்கு வீடு தேடினவர்களைக் கேளுங்கள். பொறுக்கி என்கிறார்கள். பொறுக்குதல் என்றால் கீழே கிடப்பதை ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்ப்பது. கொடுங்கையூர் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கையும் இரும்பையும் பிரித்தெடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் இருக்கிறார்கள். ஊர் போட்ட குப்பையை ஊருக்குத் திரும்பப் பொருளாக்கித் தந்த கைகள். அந்த வேலையின் பேரை எடுத்து ஒழுக்கமில்லாதவனுக்கு வைத்தார்கள். 1918-ல் பெரம்பூர் மில் தொழிலாளிகளை வைத்து இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றாகச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய மண் இது. கட்டுப்பாடு என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ம் வருடச் சட்டத்தின் முழுப் பெயரைப் படித்திருக்கிறீர்களா? கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், ஒழுக்கக்கேடான வணிகம் நடத்துவோர், மணல் திருடுவோர், குடிசைப் பகுதி நிலத்தை அபகரிப்போர் என்று எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் ஒருவருக்கு மட்டும் 'ஒழுக்கக்கேடு' என்று பட்டம். ஆற்றைச் சுரண்டுவது ஒழுக்கக்கேடு இல்லையா? ஏழை வீட்டு இடத்தைப் பிடுங்குவது இல்லையா? 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகும் வலையும் கறுத்துப்போய், மீனவர்கள் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். அது ஆலைக் கழிவு, அலட்சியம், விபத்து என்று எத்தனையோ பெயரில் பேசப்பட்டது. ஒழுக்கக்கேடு என்று ஒருவர் சொல்லி நான் கேட்கவில்லை.

எதிரணியின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். மாத்திரைக்கும் கஞ்சாவுக்கும் பிள்ளைகள் போகிறார்கள், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம் வேண்டாமா என்று கேட்டீர்கள். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. என் வகுப்புப் பையன்களையே அந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன். ஆனால் பட்டம் கட்டின பிறகு நடந்தது என்ன? வீட்டுக்குள் விடாத பிள்ளை எங்கே போனான்? அவனைச் சேர்த்துக்கொண்டது யார்? கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் போதை மறுவாழ்வுச் சிகிச்சை இருக்கிறது. அங்கே அழைத்துப் போகலாமே என்றால் அம்மாக்கள் சொல்வது, "ஊருக்குத் தெரிஞ்சா பேர் கெட்டுடும் டீச்சர்." காப்பாற்றும் என்று நீங்கள் சொன்ன சொல்தான் அந்தத் தாயை ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது.

சரி, பெற்றவர்கள் பிள்ளைகளிடம் என்னதான் சொல்வது என்று தங்கை கேட்டார். நடந்ததைச் சொல்லுங்கள். நீ நேற்று என்னிடம் பொய் சொன்னாய், அது எனக்கு வலித்தது என்று சொல்லுங்கள். அவளை ஏமாற்றாதே, அவள் உன்னை நம்புகிறாள் என்று மகனிடம் சொல்லுங்கள். அதற்குப் பதில் சொல்ல அவனுக்கு வாய் இருக்கும், வெட்கப்பட மனசும் இருக்கும்.

தீர்ப்புக்கு முன் நடுவர் ஐயா ஒரு குறளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒழுக்கமுடைமை அதிகாரத்திலேயே இருக்கிறது, 139-வது.

"ஒழுக்க முடையவர்க்கு ஒல்லாவே தீய
வழுக்கியும் வாயாற் சொலல்."

ஒழுக்கம் உள்ளவர்களுக்கு வாய் தவறிக்கூடத் தீய சொல் வராது என்கிறார். ஒரு பெண்ணைப் பார்த்து 'ஒழுக்கங்கெட்டவள்' என்று சொல்வது தீய சொல்லா, நல்ல சொல்லா? தீய சொல் என்றால், அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த அந்த நொடியில் ஒழுக்கம் தவறியது அவளா, சொன்னவரா? இதற்கு எதிரணி அடுத்த சுற்றில் பதில் சொல்லட்டும். மணி அடித்துவிட்டார்கள். வணக்கம்.